காட்பாடியில் ஒரு தொடக்கநிலை ஸ்பானிய வகுப்பு: தமிழ் இலக்கணத்தின் வழியே வினைச்சொற்கள்

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டின் மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும் தொடக்கநிலை ஸ்பானிய வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. வகுப்பை நடத்துபவர் தனியொருவராக, விளம்பரப் பலகைகூட இல்லாமல் நடத்துகிறார் என்பதால் அவருடைய பெயரையும் வீட்டு முகவரியையும் இங்கே எழுதுவதைத் தவிர்த்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பணிபுரியும் எனக்கு, ஸ்பெயின் நாட்டுக் கொள்முதலாளர்களுடன் அவர்களுடைய மொழியில் நான்கு வார்த்தை பேசவும் அவர்கள் அனுப்பும் குறிப்புகளை ஓரளவு படிக்கவும் வேண்டியிருந்ததால் இந்த வகுப்பில் சேர்ந்து, மூன்று மாதப் பாடத்தையும் முடித்திருக்கிறேன். ஸ்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வராமல், நாம் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்தின் வழியாகவே நேராகக் கற்பிப்பதுதான் இந்த வகுப்பின் தனிச்சிறப்பு. தமிழ் கைகொடுக்கும் இடங்களில் பாடம் மிகச் சிறப்பாக இருக்கிறது. தமிழ் கைகொடுக்காத இடங்களில்தான் தடுமாறுகிறது.

கட்டணம் மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய். அச்சிட்ட குறிப்பேடும் அதில் அடங்கும். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். உடன் படித்தவர்களில் விஐடி மாணவர்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்கள், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துத் தோல் தொழிலைச் சேர்ந்தவர்கள் என மூன்று வகையினர் இருந்தார்கள். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் வாணியம்பாடியிலிருந்துகூட ரயிலில் வந்து போனார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் அன்றாடத் தொடர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 'ஓலா', 'புவேனோஸ் தியாஸ்', 'கிராசியாஸ்' போன்றவற்றை இன்று எவரும் கைபேசியிலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்பதை உணர்ந்து, ஆசிரியை அவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறார். மாறாக, புரியாதபோது சொல்ல வேண்டிய தொடர்களுக்கு அவர் தரும் அழுத்தம் பாராட்டத்தக்கது. 'நோ என்தியேந்தோ' என்றால் எனக்குப் புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபபோர்' என்றால் தயவுசெய்து இன்னும் மெதுவாக. 'கோமோ சே தீசே' என்றால் இதை எப்படிச் சொல்வது. இந்த மூன்றும் இருந்தால் எதிரே இருப்பவரே நமக்கு ஆசிரியராகிவிடுவார் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மாலை வணக்கமாகிய 'புவேனாஸ் தார்தேஸ்' பிற்பகலிலேயே தொடங்கிவிடும் என்பதையும், 'புவேனாஸ் நோச்சேஸ்' இரவில் விடைபெறும்போது மட்டுமல்லாமல் சந்திக்கும்போதும் சொல்லப்படும் என்பதையும் போகிற போக்கில் தெளிவுபடுத்தினார்.

மரியாதை வழக்கையும் முதல் நாளிலிருந்தே கற்றுத்தருகிறார். 'தூ' என்பது நீ. 'உஸ்தேத்' என்பது நீங்கள். ஆங்கிலம் வழியே படிப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்லாகக் கலங்கித் தெரியும். நமக்கு அந்தக் குழப்பம் எழுவதற்கே இடமில்லை. ஆனால் 'உஸ்தேத்' முன்னிலையைக் குறித்தாலும் அதன் வினை படர்க்கை வடிவில் வரும். நம்முடைய 'தாங்கள்' என்னும் மரியாதைச் சொல்லும் படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு வந்ததுதான் என்பதை அவர் சுட்டிக்காட்டியபோது, இந்த விநோதமும் இயல்பாகிவிட்டது. ஸ்பெயினில் நண்பர்கள் பலரை ஒன்றாக அழைக்க 'போசோத்ரோஸ்' என்று தனிச்சொல் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை, எல்லோரும் 'உஸ்தேதேஸ்' தான். எங்கள் தொழிலுக்கு ஸ்பெயின் முக்கியம் என்பதால், அவர் அந்த வடிவத்தை அட்டவணையிலிருந்து நீக்காமல் வைத்திருந்தது எனக்குப் பயன்பட்டது.

ஒலிப்பு பற்றிய பகுதி பாதி சிறப்பு, பாதி குறை. தமிழர் நாவுக்கு ஸ்பானிய ஒலிப்பு பெரும்பாலும் எளிது என்பது உண்மை. அவர்களுடைய 'த' நம்முடைய 'த' போலவே பல்லைத் தொட்டு எழுவது. 'எல்லாம்' என்னும் பொருளுள்ள 'தோதோ' என்ற சொல்லை ஆங்கிலப் பழக்கத்தில் 'டோடோ' என்று சொல்லுகிறவர்களை ஸ்பானியர் உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள். இரண்டு உயிர்களுக்கு இடையில் வரும்போது அவர்களுடைய மெல்லொலித் தகரமும் ககரமும் (d, g) இன்னும் மெலிந்து ஒலிப்பது, நாம் 'அது', 'அகம்' என்று சொல்லும்போது அவை மெலிவதைப் போன்றதே. 'நீஞோ' என்னும் குழந்தைக்கு நம்மிடம் ஞகரம் தயாராக இருக்கிறது. ஹகரத்துக்குரிய எழுத்து இருந்தாலும் ஒலிக்காது. 'வ', 'ப' என நாம் எதிர்பார்க்கும் இரண்டு எழுத்துகளும் ஒரே ஒலிதான். இவற்றையெல்லாம் அவர் வாயசைவைக் காட்டி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

குறை குறிப்பேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லுக்கும் அருகில் தமிழ் எழுத்தில் ஒலிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் வாரத்துக்கு அது துணை. மூன்றாம் மாதம் வரை தொடர்வது தடை. நம் எழுத்தில் 'ப' என்பது வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் பொதுவானது என்பதால், எடையைக் குறிக்கும் சொல்லும் முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் குறிப்பேட்டில் இரண்டுமே 'பேசோ' என்றுதான் அச்சாகியிருக்கின்றன. 'தோஸ்' என்று எழுதப்பட்டிருப்பது இரண்டு என்னும் எண்ணா, இருமலா என்பது அருகில் உள்ள பொருளைப் பார்த்தால்தான் தெரியும். சரக்கின் எடையைப் பற்றிப் பேச வேண்டிய ஏற்றுமதியாளருக்கும், இருமலைப் பற்றிக் கேட்க வேண்டிய செவிலியருக்கும் இது சிறிய குறையல்ல. ஸ்பானிய எழுத்துமுறை எழுதியபடியே வாசிக்கத்தக்க ஒழுங்குள்ளது. 27 எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் இரண்டாம் வாரத்திலேயே உறுதிப்படுத்திவிட்டுத் தமிழ் எழுத்துத் துணையை எடுத்துவிடலாம்.

வினைச்சொற்களைக் கற்பிக்கும் முறைக்காக மட்டுமே இந்த வகுப்பில் சேரலாம் என்று தயங்காமல் சொல்வேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த எவருக்கும் பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கும்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'பேசுகிறோம்' என்பதைப் 'பேசு', 'கிறு', 'ஓம்' என்று பிரித்துப் பகுதி, நிகழ்கால இடைநிலை, தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி என்று தேர்வில் எழுதியிருப்போம். ஆசிரியை முதல் வினைப் பாடத்தில் கரும்பலகையில் இதை எழுதிவிட்டு, கீழேயே 'ஆப்லார்' என்னும் வினையை எடுத்துக்கொண்டார். பேசுதல் என்பது பொருள். 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லா' பேசுகிறார், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம், 'ஆப்லாய்ஸ்' பேசுகிறீர்கள், 'ஆப்லான்' பேசுகிறார்கள். 'மோஸ்' என்ற ஒலி கடைசியில் கேட்டால் அது நம் 'ஓம்'. 'ஓ' என்று முடிந்தால் நம் 'ஏன்'. விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நாளை வருகிறேன்' என்று நாம் தோன்றா எழுவாயுடன் பேசுவதைப் போலவே அவர்களும் பேசுகிறார்கள்.

நான் முன்பு பயன்படுத்திப் பார்த்த ஆங்கிலவழிப் பாடங்களில், எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும் என்பதையும் ஆளுக்கேற்ப வினை மாறும் என்பதையும் பெரிய புதுமைகளாக விளக்கிப் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருவார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது புதுமைதான். வேலூரில் பிறந்து வளர்ந்தவருக்கு அதை ஏன் புதுமையாகச் சொல்ல வேண்டும்? நம்முடைய வினைமுற்று அவர்களுடையதைவிடவும் நுட்பமானது. பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது என்று பால்வரை பிரிப்பதை அவர்கள் 'ஆப்லா' என்ற ஒரே வடிவத்தில் அடக்கிவிடுகிறார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடும் அவர்களிடம் இல்லை. நாம் ஏற்கெனவே நாள்தோறும் செய்துகொண்டிருப்பதில் ஒரு பகுதியை மட்டும் வேறு ஒலிகளில் செய்யப் போகிறோம் என்ற உணர்வை இந்த முறை தருகிறது. அதனால் பயம் போய்விடுகிறது. மூன்றாம் வாரத்தில், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய ஒரு தோல் பதனிடும் கூடத்து மேற்பார்வையாளர், 'கோமேர்' என்னும் உண்ணுதலையும் 'பிபீர்' என்னும் வாழ்தலையும் ஆறு வடிவங்களிலும் தடங்கலின்றிச் சொன்னார்.

எதிர்காலத்தையும் இதே வழியில் எளிதாக்கியிருக்கிறார். ஸ்பானியர் பேச்சில் எதிர்காலத்துக்குப் பெரும்பாலும் 'போ' என்னும் வினையைத் துணையாகக் கொள்கிறார்கள். 'போய் ஆ கோமேர்' என்றால் 'சாப்பிடப் போகிறேன்'. நம் தொடரும் போதல் என்ற வினையைக் கொண்டே அமைகிறது. அவர்களுடைய 'போய்' நம் காதில் நம் சொல்லாகவே விழுவது தற்செயல்தான் என்றாலும், அது நினைவில் நிற்க வேறெந்த உபாயமும் தேவைப்படவில்லை. இறந்தகாலத்தில் 'ஆப்லாபாமோஸ்' என்ற வடிவத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று அவர் பிரித்துக்காட்டி, அதன் பொருள் 'பேசிக்கொண்டிருந்தோம்' மட்டுமல்ல, 'சின்ன வயதில் பாலாற்று மணலில் விளையாடுவோம்' என்று நாம் கடந்தகால வழக்கத்தைச் சொல்லும்போது வரும் 'வோம்' போன்றதும்கூட என்று விளக்கினார். நடந்து முடிந்த ஒரு செயலுக்கு வேறு வடிவம் உண்டு என்பதை மட்டும் சொல்லி, அதை அடுத்த நிலைக்கு ஒத்திவைத்தார். தொடக்கநிலையில் இரண்டு இறந்தகாலங்களையும் ஒன்றாகத் திணிக்காதது சரியான முடிவு.

நான்காம் வேற்றுமைப் பாடம் வகுப்பின் உச்சம். காபி பிடிக்கும் என்று சொல்ல 'மே குஸ்தா எல் கஃபே' என்கிறார்கள். இதில் காபிதான் எழுவாய். பிடித்திருக்கும் ஆள் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலவழி மாணவர்கள் தலைகீழ் வாக்கியம் என்று மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதில் தலைகீழாக எதுவுமே இல்லை. கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்' என்று மாம்பழங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் 'பிடிக்கும்' மாறாது. வலியும் இதே அமைப்பில் வருகிறது. 'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதேதான். 'தோந்தே லே துவேலே' என்றால் 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது'. இந்தக் கேள்வியைச் செவிலியர்கள் இருவர் இருவராக நின்று, நோயாளியாகவும் செவிலியராகவும் மாறி மாறிப் பயிற்சி செய்தார்கள். மருத்துவத்தால் பெயர் பெற்ற வேலூரில் இதைவிடப் பொருத்தமான தொடக்கப் பயிற்சி இருக்க முடியாது. பசி, தாகம், வயது ஆகியவற்றில் மட்டும் நம் வழக்கு உதவாது. அங்கே அவர்கள் 'வைத்திருக்கிறேன்' என்னும் வினையால் 'தெங்கோ ஆம்ப்ரே', 'தெங்கோ செத்' என்கிறார்கள். இந்த விலக்கையும் அதே நாளில் சேர்த்துச் சொன்னதால் பின்னால் குழப்பம் வரவில்லை.

இரண்டாம் வேற்றுமையில் நான் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று கிடைத்தது. ஸ்பானியத்தில் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அதற்கு முன்னால் 'ஆ' என்னும் இடைச்சொல் வரும். பொருளாக இருந்தால் வராது. 'பேயோ லா காசா' என்றால் வீட்டைப் பார்க்கிறேன். அம்மாவைப் பார்க்கிறேன் என்பதற்கு 'பேயோ ஆ மி மாத்ரே'. தமிழிலும் 'வீடு பார்க்கிறேன்' என்று ஐ உருபு தொக்கு நிற்கலாம், 'அம்மா பார்க்கிறேன்' என்று நிற்காது. உயர்திணைக்கு உருபு வேண்டும், அஃறிணைக்கு வேண்டியதில்லை என்ற நம் உள்ளுணர்வே அங்கும் செல்லுபடியாகிறது. அதோடு முடியவில்லை. வேலைக்கு ஓட்டுநர் ஒருவர் வேண்டும் என்பதற்கு நாம் 'டிரைவர் தேடுகிறேன்' என்கிறோம். நம்முடைய ஓட்டுநர் எங்கோ போய்விட்டால் 'டிரைவரைத் தேடுகிறேன்' என்கிறோம். ஸ்பானியரும் முன்னதை 'புஸ்கோ சோஃபேர்' என்றும் பின்னதை 'புஸ்கோ அல் சோஃபேர்' என்றும் பிரிக்கிறார்கள். 'பெண் பார்ப்பது' வேறு, 'பெண்ணைப் பார்ப்பது' வேறு என்பது தெரிந்த எவருக்கும் இந்த விதியை விளக்க வேண்டியதே இல்லை. இத்தகைய பாடத்தைத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரால் மட்டுமே நடத்த முடியும்.

'இருத்தல்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'சேர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினைகள் உண்டு. இதற்கு அவர் தரும் சூத்திரம்: தமிழில் வினையே இல்லாமல் முடியும் வாக்கியத்துக்குச் 'சேர்', 'இருக்கிறது' என்று முடிவதற்கு 'எஸ்தார்'. 'நான் வேலூர்க்காரி' என்பதில் வினையில்லை, ஆகவே 'சோய் தே வேலூர்'. 'நான் வேலூரில் இருக்கிறேன்' என்பதில் உண்டு, ஆகவே 'எஸ்தோய் என் வேலூர்'. 'அவர் டாக்டர்', 'சோறு சூடாக இருக்கிறது' ஆகியவற்றிலும் சூத்திரம் பிழையின்றி வேலை செய்கிறது. ஆனால் 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'எஸ்தார்' அல்ல, 'சேர்' தான் வர வேண்டும். உயரம் நிலையான இயல்பு. விருந்து எங்கள் வீட்டில் என்று நிகழ்ச்சி நடக்கும் இடத்தைச் சொல்லவும் 'சேர்' தான். சூத்திரத்தைக் கொடுத்த அளவுக்கு அதன் எல்லையை அவர் சொல்லவில்லை. ஒரு மாணவி கேட்ட பிறகே ஒரு வரியில் சொன்னார். குறிப்பேட்டிலும் இல்லை. வாங்குபவரிடம் 'இந்தத் தோல் மென்மையானது' என்பதற்கும் 'பதனிட்டபின் இப்போது மென்மையாக இருக்கிறது' என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்கள் தொழிலில் முக்கியம் என்பதால், இதற்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சொல்லழுத்தத்தில்தான் வகுப்பின் பெரிய குறை இருக்கிறது. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானியத்தில் மாறும். முதல் அசையை அழுத்தி 'ஆப்லோ' என்றால் நான் பேசுகிறேன்; கடைசி அசையை அழுத்தினால் அவர் பேசினார். ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. 'பாப்பா' என்பதில் முதலசை அழுத்தம் உருளைக்கிழங்கு, கடைசியசை அழுத்தம் அப்பா. இதற்கான விதி ஒரே பக்கத்தில் எழுதிவிடக்கூடியது: உயிரெழுத்திலோ னகர, சகர ஒலிகளிலோ முடியும் சொற்களுக்குக் கடைசிக்கு முந்திய அசையிலும், மற்றவற்றுக்குக் கடைசி அசையிலும் அழுத்தம் விழும், இதிலிருந்து விலகும் சொற்களுக்கு எழுத்தின் மேல் சாய்கோடு இடப்படும். அந்தச் சாய்கோட்டின் பயன் இந்த வகுப்பில் முறையாக விளக்கப்படவேயில்லை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஒலிப்பிலும் அதைக் காட்ட வழியில்லை.

இது தனித்து நிற்கும் குறையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வினைப் பாடத்தின் நடுப்பகுதியையே இது பாதித்துவிடுகிறது. 'கெரேர்' என்னும் விரும்புதல் வினை 'கியேரோ, கியேரேஸ், கியேரே' என்று போய், நாம் என்னும்போது 'கெரேமோஸ்' என்று பழைய உயிருக்குத் திரும்பிவிடும். 'கெரேய்ஸ்' என்பதும் அப்படியே. அவர்கள் என்னும்போது மீண்டும் 'கியேரேன்'. முடிதலைக் குறிக்கும் 'போதேர்' வினையும் 'புவேதோ', 'போதேமோஸ்' என்று இதே போலத் தாவும். ஆறு வடிவங்களையும் ஒருமை இடப்புறம், பன்மை வலப்புறம் என்று கட்டங்களில் எழுதி, உயிர் மாறும் நான்கு கட்டங்களைச் சுற்றிக் கோடு வரைந்தால் ஒரு பூட்ஸின் உருவம் வரும். ஆங்கிலவழிப் பாடங்களிலும் இதற்குப் பூட் வினைகள் என்றே பெயர். ஆசிரியை அந்தப் பூட்ஸை வரைந்தபோது, நாளெல்லாம் பூட்ஸ் தைக்கும் ஊர்களிலிருந்து வந்திருந்த எங்களுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

ஆனால் படம் காரணத்தைச் சொல்லாது. அழுத்தம் வினைப்பகுதியின் மேல் விழும் வடிவங்களில்தான் 'எ' என்பது 'இயே' ஆகவும் 'ஒ' என்பது 'உவே' ஆகவும் விரிகிறது. 'மோஸ்' சேரும்போது அழுத்தம் விகுதியின் பக்கம் நகர்ந்துவிடுவதால் பகுதி பழைய உயிரோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பூட்ஸை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருந்திருக்காது. வாயே தானாகச் சரியான வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும். 'வா' என்பது 'வருகிறேன்' என்றாகும்போது பகுதி விகாரப்படுவதைக் காட்டி நம் இலக்கணத்தை இவ்வளவு அழகாகப் பொருத்தியவர், நம் இலக்கணத்தில் இல்லாத ஒன்றை மட்டும் படத்தோடு விட்டுவிட்டது வருத்தமளிக்கிறது. தமிழின் வழியே கற்பிக்கும் வகுப்பு, தமிழில் இல்லாதவற்றுக்குத்தான் கூடுதல் நேரம் தர வேண்டும்.

பெயர்ச்சொற்களின் பாலும் அப்படிப்பட்டதே. நமக்கு மேசை அஃறிணை. அவர்களுக்கு அது 'லா மேசா', பெண்பால். ஓகாரத்தில் முடிவது ஆண்பால், ஆகாரத்தில் முடிவது பெண்பால் என்ற பொதுவிதியையும், 'லா மானோ' என்னும் கை, 'எல் தீயா' என்னும் நாள், 'எல் ப்ரோப்லேமா' என்னும் சிக்கல் போன்ற விலக்குகளையும் அவர் சொன்னார். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் எதற்கு இந்தப் பாகுபாடு என்று திகைத்து நிற்க, மேல்விஷாரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்த, வீட்டில் உருது பேசும் மாணவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். உருதுவில் எல்லாப் பொருளுக்கும் பால் உண்டு. மேசையைக் குறிக்கும் அவர்களுடைய 'மேஸ்' என்ற சொல்லும் பெண்பாலே. வட ஆர்க்காட்டில் மட்டுமே இப்படி ஒரு வகுப்பறை அமையும். அவர்களை மற்றவர்களோடு இணையாக உட்கார வைத்து இதற்கென ஒரு பயிற்சி வகுத்திருந்தால் எல்லோருக்கும் பயனாக இருந்திருக்கும்.

பெண் மாணவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'களைத்திருக்கிறேன்' என்று ஆண் சொன்னால் 'எஸ்தோய் கன்சாதோ', பெண் சொன்னால் 'எஸ்தோய் கன்சாதா'. குறிப்பேட்டின் மாதிரி வாக்கியங்கள் அனைத்தும் ஆண்பால் வடிவிலேயே இருக்கின்றன. வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் பாடம் முடியும் வரை தங்களை ஆண்பாலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழில் தன்மை வினைக்குப் பால் கிடையாது என்பதால் இந்தப் பிழை தானாகக் கண்ணில் படாது. அடுத்த பதிப்பில் இரண்டு வடிவங்களையும் அருகருகே அச்சிட்டாலே போதும்.

பேச்சுப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. இரண்டு மணி நேரத்தில் இலக்கணம் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் வாய்திறந்து பேசுவது கடைசி இருபது நிமிடங்களில்தான். ஸ்பானியர் இயல்பான வேகத்தில் பேசும் ஒலிப்பதிவுகள் மிகச் சிலவே ஒலிக்கப்பட்டன. ஆசிரியை லத்தீன் அமெரிக்க ஒலிப்பைப் பின்பற்றுவதால் 'கிராசியாஸ்' என்றே பழகியிருக்கிறோம். மாட்ரிட்டிலோ, காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற எல்சே, எல்தா நகரங்கள் உள்ள அலிகாந்தே மாகாணத்திலோ இருந்து பேசுபவர் நாக்கைப் பல்லிடையில் வைத்துக் 'கிராத்தியாஸ்' என்பார். இரண்டும் சரியானவை; ஆனால் காதுக்கு இரண்டும் பழக வேண்டும். 'சபாத்தோ' என்னும் காலணி, 'குவேரோ' என்னும் தோல், 'சுவேலா' என்னும் அடித்தோல் போன்ற தொழிற்சொற்களை, நாங்கள் கேட்டுக்கொண்டபின் ஒரு தாளில் தனியே எழுதிக் கொடுத்தார் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

தேர்வை மனத்தில் வைத்துச் சேர நினைப்பவர்களுக்கு: ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் தெலே (DELE) என்னும் ஸ்பானிய மொழித் தேர்வில் ஆ1 (A1) என்பது முதல் நிலை, வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் கொண்டது. அந்த நிறுவனத்துக்குப் புதுதில்லியில் மையம் உண்டு. இந்த வகுப்பின் பாடம் அந்த நிலையின் இலக்கணத்தை ஏறக்குறைய முழுமையாகத் தொட்டுவிடுகிறது. வாசித்தலுக்கும் எழுதுதலுக்கும் இது அடித்தளமாக அமையும். கேட்டலுக்கும் பேசுதலுக்கும் வேறிடத்தில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். விஐடி மாணவர்களில் சிலர் ஒலிப்பதிவுப் பாடங்களை வீட்டில் கேட்டுக்கொண்டு, இந்த வகுப்பை இலக்கணத்துக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். அதுவே நான் பரிந்துரைக்கும் வழியும்.

சுற்றுலாவுக்குப் போகும் முன் நான்கு தொடர்கள் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு தேவையில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகு அவர்களுக்குச் சலிப்பு வந்துவிடும். பள்ளியில் தமிழ் படிக்காமல் வேறு மொழி எடுத்தவர்கள், பகுபத உறுப்புகளை ஒருமுறை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. இல்லையென்றால் மூன்றாம் வாரத்திலிருந்து பாடத்தின் பாதி புரியாது. தோல் தொழிலிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிந்து, மொழியை அடிப்படையிலிருந்து கற்க விரும்புபவர்கள் தாராளமாகச் சேரலாம். புதிய பிரிவு தொடங்கும்போது முதல் வகுப்பில் கட்டணமின்றி அமர்ந்து பார்க்க ஆசிரியை அனுமதிக்கிறார். அந்த வகுப்பின் முடிவில் சொல்லழுத்தத்தைப் பற்றியும் சாய்கோட்டைப் பற்றியும் அவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பவர்களுக்கு அவர் நேரம் ஒதுக்கி விளக்குகிறார், கேட்காவிட்டால் பாடத்திட்டத்தில் அது வராது.